மாடி இல்லாத வீட்டின் படிகள்

மாடி இல்லாத அந்த வீட்டின் கூடத்தில் முதல் படி முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அன்றைக்குத்தான் ஆட்டுக்கறி விலையும் ஏறியது. ஆகவே தெருவில் யாரும் படியைப் பற்றிப் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. தையல் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவே, முந்தின நாள் வரை வெறும் தரையாக இருந்த இடத்தில், சிவப்புச் சிமெண்டு பூசிய படி ஒன்று உட்கார்ந்திருந்தது. பல வருஷம் கால் பட்டுத் தேய்ந்ததுபோல் அதன் விளிம்பு மழுங்கியிருந்தது. வீட்டுக்காரி கொத்தனாரைக் கூப்பிட்டு உடைக்கச் சொன்னாள். அவர் உளியை வைத்து அடித்தார், உளி வளைந்தது. குனிந்து தட்டிப் பார்த்துவிட்டு, இது அஸ்திவாரத்தோடு போட்ட படி, வீடு கட்டும்போதே கட்டியது என்று சொல்லி, பாதிக் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வீட்டுக்காரிக்குத் தெருவில் மாடிப்படியக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அதற்கு அடியில் எங்கேயோ புதைந்துபோய் வெகுகாலம் ஆகிறது. அவள் பள்ளிச் சீருடைகளும் தலையணை உறைகளும் தைப்பவள். அவள் புருஷன் கறிக்கடைக்காரர். அவர் அவளை முப்பது வருஷத்துக்கு மேலாக அடித்துவந்தார். தையல் போட வேண்டிய அளவுக்கு அடி பலமாகிவிட்டால் அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார். அதில் குறை சொல்ல முடியாது. அங்கே கட்டுப் போடுகிறவர், என்ன ஆச்சு என்று கேட்பார். “மாடிப்படில விழுந்துட்டா” என்பார் கறிக்கடைக்காரர். கட்டுப் போடுகிறவர் அதே தெருவில் மூன்றாவது வீட்டில் குடியிருந்தவர். அந்த வீட்டுக்கு மாடியும் கிடையாது, படியும் கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தலையை ஆட்டிக்கொண்டு பஞ்சை எடுப்பார். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்தத் தெருவின் வாய்க்கு மூடியே தேவைப்படவில்லை, அது தானாகவே மூடிக்கொண்டது. அவர்கள் வீட்டில் சத்தம் கேட்டதும் மற்ற வீடுகளில் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். எத்தனை வீட்டில் கூட்டி வைக்கிறார்கள் என்பதை வைத்தே அன்றைய அடி லேசானதா பலமானதா என்று சொல்லிவிடலாம்.

வெளியே அவர் நல்ல மனுஷர். எடையில் ஏமாற்ற மாட்டார், கொழுப்பை மறைத்து வைக்க மாட்டார், இல்லாதவர்களுக்கு எலும்பைச் சும்மா கொடுப்பார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலாலேயே ஆட்டின் மூட்டைக் கண்டுபிடித்து ஒரே வெட்டில் பிரிப்பார். அந்த வித்தை வீட்டிலும் உதவியது. எங்கே அடித்தால் முறியும், எங்கே அடித்தால் முறியாது என்று அவருக்குத் தெரியும். கல்யாணமான முதல் வருஷம், வாடிக்கையாளர் ஒருவர் சொன்ன வேடிக்கைக்குச் சிரித்தாள் என்று அரைக்கிலோ எடைக்கல்லை வீசினார், புருவம் பிளந்தது. அடுத்து, கதவிடுக்கில் விரலை வைத்து அறைந்தார். விரல் இன்றுவரை கோணல். பெல்ட் அடி முதுகில். அவள் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி அவளுடைய முன்கையிலேயே. பிறகு ஒருநாள் வயிற்றில் உதைத்தார், அப்போது ஆறாவது மாதம். மகளுக்கு அடுத்ததாகப் பிறக்க வேண்டிய பிள்ளை அப்படிப் போனது, அதற்கும் மாடிப்படிதான். கடைசி அடி இடது கன்னத்தில் விழுந்தது. ஈரல் கேட்டவருக்கு அவர் நுரையீரலை வெட்டிப் பொட்டலம் கட்டிக்கொடுக்க, அவள் எல்லார் முன்னாலும் திருத்திச் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அறைந்தார். அன்றிலிருந்து இடது காதுக்கு உலகமே கிடையாது.

ஈரலுக்கும் நுரையீரலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனதுதான் நோயின் ஆரம்பம் என்று டாக்டர் பிறகு சொன்னார். வாயில் நுழையாத அதன் பெயரையும் சொன்னார். குணமாகாது, மெல்ல மெல்லத் தேயும், கடைசியாக நடந்தது முதலில் மறக்கும், முதலில் நடந்தது கடைசியில் மறக்கும் என்றார். மாடிப்படியக்கா பயந்துபோனாள். புருஷன் போய்விடுவாரே என்று அல்ல. அவள் ஒன்றே ஒன்றுக்காகத்தான் முப்பது வருஷம் காத்திருந்தாள். அடிக்காமல் இருப்பார் என்ற ஆசையை எப்போதோ விட்டுவிட்டாள். நான்தான் அடித்தேன் என்று ஒருநாள், ஒரே ஒருநாள், அவர் வாயால் சொல்ல வேண்டும். அந்த அடிகளை ஒவ்வொன்றாக அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருவர் மறந்துவிட்டால் மிச்சமிருப்பவள் பைத்தியக்காரி. ஆகவே தினமும் காலையில் காபியை வைத்துவிட்டு, காதைத் தொட்டுக் காட்டி, “இது எப்படி வந்துச்சுங்க?” என்று கேட்டாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அந்தத் திருப்பல் போதும் அவளுக்கு. உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் முகத்தைத் திருப்பவில்லை. அவள் காதை ஆசையாகத் தடவினார். கண்ணில் நிஜமாகவே ஈரம். “பாவம்டி நீ. மாடிப்படில விழுந்துட்டியே” என்றார். அவள் திரும்பிப் பார்த்தபோது மிஷினுக்குப் பக்கத்தில் படி இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு அடியாக அவர் மறக்க மறக்க, ஒவ்வொரு படியாகக் கூடத்தில் ஏறியது. அடித்தது மறந்தது, அதற்குச் சொன்ன பொய் மட்டும் மறக்கவில்லை. வீடும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. மழைக்காலம் முடிவதற்குள் படிகள் கூரையைத் தொட்டு, அங்கே போக வழியில்லாமல் முட்டி நின்றன. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் படியைப் பார்த்துவிட்டு, ஓ, இதில்தான் அடிக்கடி விழுவீர்களா, கைப்பிடி வைக்கக்கூடாதா என்று அக்கறையாகக் கேட்டார்கள். பழைய ஆட்களுக்குப் பெரிய நிம்மதி. கட்டுப் போடுகிறவர் ஒருநாள் வந்து, படியின்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, வெகுநாளாகத் தூங்காதவர் தூங்கி எழுந்த முகத்தோடு போனார். வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் வந்தாள். படியைப் பார்த்தாள், ஆச்சரியப்படவில்லை. “இது எப்பவும் இருந்ததுதானேம்மா? சின்ன வயசுல நான் இதுக்கு அடியிலதானே ஒளிஞ்சுக்குவேன்?” என்றாள். மாடிப்படியக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். “மிஷினுக்கு அடியிலடி! மிஷினுக்கு அடியில ஒளிஞ்சே! என் காலைக் கட்டிக்கிட்டு ஒளிஞ்சே!” என்று கத்தினாள். மகள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். இருக்கலாம் என்றாள். அந்த வாரத்தில் ஒருநாள் படியைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, அங்கிருந்து தான் உருண்டு விழுந்ததுபோல் மாடிப்படியக்காவின் உடம்புக்கே ஒரு ஞாபகம் வந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கோணல் விரலை வலிக்கும்வரை கடித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் மறதி நோயாளிகளின் வீட்டாருக்கென்று வாரம் ஒரு கூட்டம் நடந்தது. நடத்தியவர் கவுன்சிலர் அம்மா. பஞ்சு மிட்டாய் குரல், நல்ல மனசு. அவர் ஒரு முறை வைத்திருந்தார்: இந்த நோயைப் பற்றி எழுதிய நாவல்களை வீட்டாருக்குக் கொடுப்பார், அவர்கள் தினம் ஓர் அத்தியாயம் நோயாளிக்குப் படித்துக் காட்ட வேண்டும், பிறகு கூட்டத்தில் எல்லாரும் அதைப் பற்றிப் பேச வேண்டும். மாத்திரை பாதி, கதை பாதி என்பார். மாடிப்படியக்காவுக்குக் கிடைத்தது ரயில்வே என்ஜினியர் ஒருவரின் கதை. அவர் மனைவிக்குத் தினமும் வெந்நீர் போட்டுத் தருவார், அவள் செருப்புக்குத் தானே பாலிஷ் போடுவார், நோய் வந்து எல்லாவற்றையும் மறந்த பிறகும் அவள் காலடிச் சத்தத்தை மட்டும் மறக்க மாட்டார். கடைசிப் பக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொள்வார். கூட்டத்தில் அந்த இடம் வந்தபோது எல்லாரும் மூக்கை உறிஞ்சினார்கள். மாடிப்படியக்கா புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள்.

“இந்தக் கதைல யாரும் யாரையும் அடிக்கவே இல்லையேம்மா” என்று கேட்டாள்.

“சில பேர் அடிப்பாங்கதான். அது நோய் பண்ற வேலைம்மா. அவங்க பண்றது இல்ல” என்றார் கவுன்சிலர் அம்மா.

“நோய் வர்றதுக்கு முன்னாடி அடிச்சா?”

மனைவிக்காக வந்திருந்த ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் டீயில் தோய்த்த பிஸ்கட்டை எடுக்க மறந்துபோனார். அது ஊறி உள்ளே விழுந்தது. கவுன்சிலர் அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அதைத் தனியாகப் பேசுவோம் என்றார். தனியாகப் பேசும் நாள் வரவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை, அந்த அலமாரியில் அப்படி ஒரு புத்தகம் இல்லை.

இருந்தாலும் சொன்னதைச் செய்கிறவள் அவள். தினமும் சாயங்காலம் மிஷினை மூடிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து படித்துக் காட்டினாள். கறிக்கடைக்காரர் வாய் பிளந்து கேட்டார். ஒரு வாரத்தில் என்ஜினியர் அவருக்குள் குடிவந்துவிட்டார். தான் நாற்பது வருஷம் ரயில்வேயில் இருந்ததாகவும், எத்தனையோ பாலம் கட்டியதாகவும் கடன் வசூலுக்கு வந்தவரிடம்கூடச் சொன்னார். “உனக்கு வெந்நீர் போட்டுத் தரணுமே” என்று எழுந்து, அடுப்பு எது என்று தெரியாமல் அலமாரியைத் திறந்து நின்றார். அவளை உட்காரவைத்துப் பக்கத்தில் நெருங்கி, காதோரமாக ரகசியக் குரலில் ஏதேதோ சொல்வார். எப்போதும் இடது காதில்தான் சொல்வார். அவளுக்கு ஒரு சொல்லும் கேட்காது, கழுத்தில் மூச்சு படுவது மட்டும் தெரியும். அவர் சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார். தெருவில் ஜாடிக்கேற்ற மூடி என்று பேசிக்கொண்டார்கள். அவளுக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. அடித்தவன் தப்பித்துக்கொண்டான், அவன் இருந்த இடத்தில் எவனோ ஒரு நல்லவன் வந்து உட்கார்ந்துகொண்டு நன்றி கேட்கிறான். இதைவிட அந்த எடைக்கல்லே மேல் என்று அவளுக்குத் தோன்றியது.

ஒரு சாயங்காலம் என்ஜினியர் தன் மனைவிக்கு முதன்முதலாகப் பரிசு வாங்கி வரும் அத்தியாயம். மாடிப்படியக்கா பக்கத்தைப் பார்த்தபடியே, குரலை மாற்றாமல், அதில் இல்லாததைப் படிக்கத் தொடங்கினாள். கல்யாணமாகி முதல் வருஷம், கடையில் யாரோ சொன்னதற்கு அவள் சிரித்தாள். கடைக்காரன் ஒன்றும் பேசவில்லை. வாடிக்கையாளர் போகும்வரை பொறுத்திருந்தான். எடைக்கல்லைக் கையில் எடுத்து ஒருமுறை தூக்கிப் போட்டுப் பிடித்துப் பார்த்தான், பிறகு வீசினான். அவள் கண்ணில் ரத்தம் வழிந்து ஒன்றும் தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு போனபோது, கறிவெட்டும் கட்டையில் ரத்தம் சொட்டாமல் போ என்றான். அடிபட்டவள் ரத்தமும் ஆட்டு ரத்தமும் ஒரே துணியால் துடைக்கப்பட்டன. முப்பது வருஷமாக உள்ளே தைத்து வைத்திருந்ததை அவள் ஒரு நூலும் விடாமல் பிரித்தாள். கறிக்கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்காலிக் கையை ஓங்கி அறைந்தார். “எவன்டி அவன்? பொம்பளை மேல எடைக்கல்லை எறிஞ்ச நாய் எவன்டி? ஒரு கடைக்காரன் செய்ற காரியமா இது? அவன் கையை மூட்டோட எடுக்கிறேன் பாரு. எங்க இருக்கான்?” என்று எழுந்தார். வெகுநாளாகக் காணாமல் போயிருந்த அந்தக் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. அவளுக்குப் பழைய பயம் வந்தது, கை தானாக முகத்தை மறைத்துக்கொண்டது. மறைத்த கைக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னாள்: “மேல இருக்கான்.”

கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த அரைக்கிலோ எடைக்கல்லை எடுத்துக்கொண்டு அவர் படியேறினார். கூரை இருந்த இடத்தில் கூரை இருந்தது. ஆனாலும் தலை, தோள், இடுப்பு, கடைசியில் பாதம் என்று அவர் உள்ளே போய் மறைந்தார். பக்கத்துவீட்டு மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள், அவர்கள் கூரைமேல் ஒரு காக்காகூட இல்லை என்று பிறகு சத்தியம் செய்தாள். சத்தம் மட்டும் கேட்டது. ஆள் சுவரில் மோதும் சத்தம், பாத்திரம் உருளும் சத்தம், கறிக்கடைக்காரரின் கத்தல். அதற்குப் பதிலாக இன்னொரு குரல் கேட்டது. மாடிப்படியக்கா அதை வலது காதால் கேட்டாள், உடனே தெரிந்துகொண்டாள். அது முப்பது வயதில் அவள் புருஷனுக்கு இருந்த குரல், தொண்டை தளராத, அவசரப்படாத குரல். தெருவில் ஒவ்வொரு வீடாக டிவியைக் கூட்டி வைத்தார்கள். கடைசியில் எல்லா வீட்டிலும். பிறகு எடைக்கல் முதலில் உருண்டு வந்தது, ஒவ்வொரு படியிலும் தட்டித் தட்டி. அதன் பின்னால் கறிக்கடைக்காரர் வந்தார். புருவம் பிளந்து, கண்ணில் ரத்தம் வழிய, சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினார்.

“ஒத்துக்கிட்டான்” என்றார். மூச்சு வாங்கியது. “நான்தான் அடிச்சேன்னு ஒத்துக்கிட்டான். என் முகத்துக்கு நேரா சொன்னான். அவ சிரிச்சதுல ஒண்ணும் தப்பு இல்லையாம்.”

மாடிப்படியக்கா கீழ்ப்படியில் உட்கார்ந்து, தெருவெல்லாம் கேட்கும்படி அழுதாள். கல்யாணமான பிறகு அவள் சத்தம் போட்டு அழுதது அதுதான் முதல் தடவை. பிறகு முந்தானையால் அவர் புருவத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். கட்டுப் போடுகிறவர், இன்னும் ஓய்வுபெறாதவர், பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன ஆச்சு என்று கேட்டார். “மாடிப்படில விழுந்துட்டாரு” என்றாள் அவள், கேட்டவர் கண்ணைப் பார்த்து. அவர் தலையை ஆட்டவில்லை. அவர் போட்ட தையல் கொஞ்சம் கோணலாக விழுந்தது. மறுநாள் காலையில் கூடத்தில் மேல்படி இல்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் அது வழக்கமானது, கடை திறப்பது மூடுவது போல. காலையில் அவர் எல்லாவற்றையும் மறந்து, கட்டுப்போட்ட தலையோடு எழுந்து, எனக்கு ஏன் வலிக்கிறது என்று கேட்பார். சாயங்காலம் அவள் படிப்பாள். அவர் கொதித்தெழுந்து மேலே போவார், கோணிய விரலோடு இறங்குவார், ஒத்துக்கொண்டான் என்பார். ஒரு படி போகும். பெல்ட் கதையைப் படித்த அன்று முதுகு பட்டை பட்டையாக உரிந்து வந்தார். இஸ்திரிப் பெட்டிக் கதைக்கு முன்கை வெந்து வந்தார். அவள் மருந்து போட்டுக் கட்டிவிட்டாள், கட்டிவிட்டு அடுத்ததை யோசித்தாள். அவளுக்குப் பசி எடுக்கத் தொடங்கியது, நன்றாகத் தூங்கினாள், மிஷினில் உட்கார்ந்து பாட்டுக்கூட முணுமுணுத்தாள். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். ஒரே ஒரு சங்கடம்: மேல்படி போகப்போக, மேலே இருந்தவன் ஊருக்குப் போய்விடவில்லை. படி எங்கே முடிகிறதோ அங்கே இறங்கி வந்து உட்கார்ந்துகொண்டான். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அவன் இருமுவது கேட்கும். கூரைக்கு மேல் இருந்தவன் கூரைக்குக் கீழே வந்தான், பிறகு காலண்டர் மாட்டியிருந்த உயரத்துக்கு வந்தான். கறிவாடையும் பீடிவாடையும் கலந்த அந்தப் பழைய மணம் அவள் தைக்கும் சீருடைகளில் ஏறியது.

பிள்ளையின் கதையைப் படிக்க அவளுக்கு வெகுநாள் வாய் வரவில்லை. படித்த அன்று கறிக்கடைக்காரர் கத்தவில்லை. புத்தகத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெறுங்கையோடு ஏறினார். அன்றைக்கு மேலே சத்தமே இல்லை. டிவியைக் கூட்டத் தயாராக இருந்தவர்கள் கையில் ரிமோட்டோடு காத்திருந்தார்கள். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, கூன்போட்டு, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். அவர் வேட்டியில் ரத்தம் இருந்தது. “அவன் அழறான்டி” என்றார். “தினம் காலைல கடையைத் திறந்து முதல் வெட்டு வெட்டும்போது அந்தப் புள்ளை ஞாபகம் வருமாம். ஒருநாள்கூட வராம இருந்ததில்லையாம். யார்கிட்ட போய்ச் சொல்றதுன்னு தெரியலையாம்.” அவள் அதை எதிர்பார்க்கவில்லை. தனக்கு மட்டும்தான் அந்தப் பிள்ளை இருந்தது என்று அவள் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். ஒரே சுவரின் இரண்டு பக்கத்திலும் இரண்டு பேர் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள், அவன் சுமந்ததை அடியாகவே இறக்கியிருக்கிறான். அவளுக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. ஆனால் கோபம் இருந்த இடத்தில் கையை விட்டுப் பார்த்தபோது அது முன்னளவு சூடாக இல்லை.

கட்டுப் போடுகிறவர்தான் மகளுக்குப் போன் செய்து வரச் சொல்லியிருக்க வேண்டும். மனைவி முப்பது வருஷம் விழுந்தபோது எடுக்காத போன், புருஷன் ஒரு மாதம் விழுந்ததும் எடுக்கப்பட்டது. மகள் வந்தபோது கறிக்கடைக்காரர் கட்டிலில் கிடந்தார். தலையில் கட்டு, கையில் கட்டு, விலாவைச் சுற்றிக் கட்டு. கூடத்தில் ஒரே ஒரு படி மிச்சம், கீழ்ப்படி. அதன்மேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் காற்று கனத்துக் கிடந்தது. மகள் அப்பாவின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். பெல்ட் தழும்பைக் கண்டதும் அவளுக்கு எல்லாம் திரும்பி வந்தது. படிக்கு அடியில் அல்ல, மிஷினுக்கு அடியில், அம்மாவின் கால், மிதிபலகையின் இடுக்கு வழியாகத் தெரிந்த பெல்ட் நுனி.

“மிஷினுக்கு அடியிலதாம்மா” என்றாள். “ஞாபகம் வந்துடுச்சு.” பிறகு அழுதுகொண்டே கேட்டாள்: “ஆனா இது என்னம்மா? நீ என்ன பண்றே இவரை?”

“நான் தொடவே இல்லடி. கதைதான் படிக்கிறேன்.”

“அப்பாவும் அப்படித்தாம்மா சொல்வாரு. நான் தொடவே இல்ல, அவளா விழுந்தான்னு.”

மாடிப்படியக்கா மகளை அறையக் கை ஓங்கினாள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அந்தக் கோணல் விரலை அவளே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். கையை இறக்கி, அடுக்களைக்குப் போய், மகளுக்குச் சாப்பாடு எடுத்துவைத்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். கட்டிலிலிருந்து கறிக்கடைக்காரர், ரயில் போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மிச்சம் இருந்தது காதின் கதை. அவள் ரொம்ப யோசித்தாள். மற்ற அடிகளுக்கெல்லாம் ஆள் யார் என்று சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அறை விழுந்த நாளில் ஈரல் எது நுரையீரல் எது என்று அவருக்குத் தெரியவில்லை. அடித்தது அவனா, நோயா? கவுன்சிலர் அம்மாவின் புத்தகத்தில் வருபவரா, மேலே இருமுபவனா? அவளால் சொல்ல முடியவில்லை. பொய்யான ஓர் ஒப்புதலை வாங்கிக்கொள்ள அவளுக்கு மனசில்லை. பொய்யைத்தான் முப்பது வருஷம் சாப்பிட்டாயிற்றே. இன்னொன்றும் இருந்தது. அந்தக் கடைசிப் படியும் போய்விட்டால், அதில் உட்கார்ந்திருப்பவனுக்கு இறங்கக் கூடத்தைத் தவிர இடம் கிடையாது. இறங்கினால் முப்பது வயதுக்காரன், முழுப் பலத்தோடு நிற்பான். மகள் கிளம்பிப் போன அன்று சாயங்காலம் அவள் புத்தகத்தைப் பிரித்து, அச்சில் உள்ளபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தாள். என்ஜினியர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். கதை முடிந்தது. கறிக்கடைக்காரர் படியைப் பார்த்தார்.

“அவன் இன்னும் அங்க இருக்கானா?” என்று கேட்டார். அதிசயமாக, அது மட்டும் அவர் ஞாபகத்தில் தங்கியிருந்தது.

“இருக்கான். விடுங்க. அவனுக்கு எல்லாம் மறந்துபோச்சாம்.”

அவர் படியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அடிச்சவனுக்கு மறந்துடும்” என்றார். “வாங்குனவளுக்கு மறக்குமா? பாவம்டி அவ. அவகிட்ட யாராவது போய் ஒரு வார்த்தை சொல்லணும்.” பிறகு அவள் பக்கம் சாய்ந்து, வழக்கம்போல இடது காதோரம் வாயை வைத்து ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். அவள் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. கழுத்தில் மூச்சு படுவது நிற்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

கறிக்கடைக்காரர் இன்னும் சில வருஷம் இருந்து, விழுங்குவது எப்படி என்பதையும் மறந்தபின் இறந்துபோனார். கவுன்சிலர் அம்மா புத்தகத்தைத் திரும்பக் கேட்டபோது, அதில் அச்சில் இல்லாத பக்கங்கள் சில சேர்ந்திருந்தன என்றும், அதைத் தனி அலமாரியில் வைத்துப் பூட்டினார் என்றும் சொல்கிறார்கள். கீழ்ப்படி போகவில்லை. கொத்தனார் மறுபடி வந்து பார்த்துவிட்டு, இது எதனுடன் சேர்ந்தது என்றே தெரியவில்லை என்றார். மாடிப்படியக்கா அதன்மேல் பாதி இடம் விட்டு உட்கார்ந்து பொத்தான் தைப்பாள். மற்றப் பாதியில் அவ்வப்போது யாரோ இருமுவார்கள். அவள் தலையைத் தூக்க மாட்டாள். சீருடை வாங்க வந்தவர்கள் ஒருவர் விடாமல் அந்தப் படியில் தடுக்கினார்கள். துக்கம் விசாரிக்க வந்த கட்டுப் போடுகிறவர் குப்புற விழுந்து மோவாயைக் கிழித்துக்கொண்டார். எப்படி ஆச்சு என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது உண்மையைச் சொன்னார், கேட்டவர்கள் சிரித்தார்கள். அதிலிருந்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் ஊசியை நிறுத்திவிட்டு, உள்ளே வருவது யாராக இருந்தாலும், குரல் கொடுத்துவிடுகிறாள்:

“படி இருக்கு, பாத்து வாங்க.”